வாசலை அடைத்துப் படுத்த சடையன்

ஐப்பசி அடைமழையின் மூன்றாம் நாள், ஒரு காட்டில் மூன்று பேர் குடியிருந்த குகைக்கு நான்காவதாக வந்து சேர்ந்தான் மொச்சை என்ற செந்நாய்க்குட்டி. ஓடை வெள்ளம் அவனைத் தாயிடமிருந்து பிரித்துக் கரையில் ஒதுக்கியிருந்தது. மூக்கு மொச்சைக் கொட்டை மாதிரி இருந்ததால் கீரி வேலாயி வைத்த பெயர் அது.

அந்த மழைக்காலத்தைக் குகைக்காரர்கள் பிறகு வெகு காலம் சொல்லிக்கொண்டிருந்தார்கள். நனைந்த ரோமத்தின் வாடை, வேலாயியின் வாலைக் கவ்விக்கொண்டு குட்டி குகையைச் சுற்றியது, உடும்பு நல்லதம்பியின் முதுகில் ஏறிச் சறுக்கியது, எல்லாம் அவர்களுக்கு நினைவிருந்தது. அப்போது பட்ட பாடும் நினைவிருந்தது.

குகையில் மூத்தவர் முள்ளம்பன்றி சடையன். கண்டிப்பானவர். இரவெல்லாம் கிழங்கு தோண்டிவிட்டுப் பகலில் தூங்குவார். தூக்கத்திலும் அவருக்குக் காவல் வேலைதான். முட்களை விரித்து, வாசலை அடைத்துப் படுப்பார். வேலாயியும் நல்லதம்பியும் அதற்கு முன்பே இரைதேடப் போய், அந்தி சாய்ந்துதான் திரும்புவார்கள்.

குகைக்குள் ஒரே ஒரு சட்டம். அவசரம் எதுவானாலும் பாறைக்கு அப்பாலுள்ள உன்னிப்புதருக்குப் போக வேண்டும். உள்ளே அசுத்தம் செய்தால் வாடை பிடித்துச் சிறுத்தை வந்துவிடும்.

வேலாயி முதல் நாளே குட்டியைப் புதருக்கு அழைத்துப் போய்க் காட்டினாள். அவனும் தலையாட்டினான். ஆனாலும் தினமும் அந்தியில் குகைக்குள் ஈரம் இருந்தது.

"இன்றைக்கும் போய்விட்டானா!" என்று வாசலிலேயே மூக்கைப் பொத்தினாள் வேலாயி.

"ஏண்டா, புதர் எங்கே இருக்கிறதென்று உனக்குத் தெரியாதா?" என்று கேட்டார் சடையன்.

"தெரியும், பெரியப்பா."

"தெரிந்துமா இந்தத் திமிர்?" சடையன் முட்களைச் சிலிர்த்தார். கலகலவென்று சத்தம் எழுந்தது. மொச்சை நல்லதம்பியின் பின்னால் ஒளிந்தான்.

"குட்டிதானே, அண்ணே. விடுங்கள்" என்றான் எதற்கும் அவசரப்படாத நல்லதம்பி.

"எதை விடுவது? என் கிழங்குக் குவியல்மேலேயே போயிருக்கிறான். வாயில் வைக்க முடியவில்லை!"

"அதுதான் கொஞ்சம் இளைத்திருக்கிறீர்கள். பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது."

ஒரு நாள் வேலாயி மூச்சிரைக்க ஓடி வந்தாள். "பாறைக்குக் கீழே சிறுத்தையின் கால்தடம்! நம் வாடை அதற்கு எட்டிவிட்டது."

சடையன் குட்டியைத் திரும்பிப் பார்த்தார். பிறகு, "நாளைக்கும் ஈரம் இருந்தால் இவன் இங்கே இருக்க வேண்டாம்" என்றார்.

"வெளியே விட்டால் ஒரு ராத்திரி தாங்குவானா, அண்ணே?"

நல்லதம்பி குட்டியைக் காட்டிக் கேட்டான். சடையனின் உடம்பில் முள் இல்லாத இடம் பார்த்து, அவர் முன்னங்கால்மேல் தலை வைத்துக் குட்டி தூங்கிப்போயிருந்தான்.

மறுநாள் சடையன் வாசலில் படுத்தாரே தவிர, தூங்கவில்லை. கையும் களவுமாகப் பிடித்துவிட வேண்டும் என்று கண்ணை மூடிக் கிடந்தார்.

பொழுது ஏறியதும் மொச்சை எழுந்து நேராக வாசலுக்கு வந்தான். முட்களுக்கு நடுவே மூக்கை நுழைத்தான். குத்தியது. இடப்பக்கம் பார்த்தான், வலப்பக்கம் பார்த்தான். எங்கும் முள். முனகிக்கொண்டே சுற்றிச் சுற்றி வந்தவன், கடைசியில் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு கிழங்குக் குவியல் பக்கம் நடந்தான்.

"நில்லுடா!"

மொச்சை தரையோடு தரையாக ஒட்டிக்கொண்டான். "நான் இன்னும் ஒன்றும் பண்ணவில்லை, பெரியப்பா."

"வெளியே போகத்தானே வந்தாய்?"

"ஆமாம்."

"என்னை எழுப்பினால் என்ன?"

"எழுப்பினால் முள்ளைச் சிலிர்ப்பீர்களே."

சடையன் தன் முட்களைத் திரும்பிப் பார்த்தார். எழுந்து, முட்களை ஒடுக்கிக்கொண்டு, சுவரோரமாகப் போய்ப் படுத்தார். மொச்சை பாய்ந்து ஓடிய வேகத்தில் வாசல் மண் பறந்தது. திரும்பி வந்தபோது அவன் காதில் ஓர் உன்னிப்பூ ஒட்டியிருந்தது. வால் நிமிர்ந்திருந்தது.

"கெட்டிக்காரன்" என்றார் சடையன். அந்த வார்த்தையை அவர் வாயிலிருந்து அதுவரை யாரும் கேட்டதில்லை.

அந்தியில் வேலாயி மூலை மூலையாக மோந்து பார்த்தாள். "எல்லாம் காய்ந்து கிடக்கிறதே! என்ன வைத்தியம் செய்தீர்கள், அண்ணே?"

"நகர்ந்து படுத்தேன்" என்றார் சடையன்.

வாடை விட்டுப்போனது. சிறுத்தையும் வேறு பக்கம் போய்விட்டது. அதன்பிறகு மழை ஓயும்வரை நால்வரும் ஒரே குகையில் ஒட்டிக்கொண்டு கிடந்தார்கள். அவ்வளவு கதகதப்பான மழைக்காலம் அவர்களுக்கு மறுபடி வாய்க்கவில்லை.

அந்த வருடம் மாசிப் பௌர்ணமியன்று செந்நாய்க் கூட்டம் ஒன்று அந்த வழியாக வந்தது. மொச்சை அதனோடு மேற்கு மலைக்குப் போனான்.

நீதி: வழி தவறினான் என்று ஒருவனைக் கடிந்துகொள்ளும் முன், அவன் வழியை நாமே அடைத்திருக்கிறோமா என்று பார்க்க வேண்டும்.