சூளை நெருப்பில் வளைந்த அலகு

அந்தக் காலத்தில் பறவைகள் மனிதரோடு பேசும். மனிதரும் நின்று பதில் சொல்வார்கள். அப்போது பூநாரை பால்போல வெளுத்திருந்தது. அதன் அலகு கொக்கின் அலகைப்போல நேராக இருந்தது.

கடலோர ஏரி ஒன்றின் கரையில் குருவம்மாள் உப்பு விளைவித்து வந்தாள். பக்கத்தில் சிப்பி சுட்டுச் சுண்ணாம்பு எடுக்கும் சூளை ஒன்று எந்நேரமும் புகைந்துகொண்டிருக்கும். ஏரித் தண்ணீர் முதலில் அவளுடைய பெரிய பாத்தியில் தேங்கி, வெயிலில் சுண்டி, பிறகு சின்னப் பாத்திகளுக்குப் போய் உப்பாகும். அந்தப் பெரிய பாத்தியில்தான் பூநாரைகள் பாசியும் பூச்சியும் கொத்தித் தின்னும். கால்பட்டுச் சேறு கலங்கும்.

"என் தண்ணீரைக் கலக்குகிறீர்களே" என்று ஒருநாள் உப்பு வாரும் பலகையைத் தட்டித் தட்டி எல்லாவற்றையும் விரட்டிவிட்டாள்.

தண்ணீர் கண்ணாடியாய்த் தெளிந்தது. அவளுக்கு ஒரே பெருமை. பிறகு, தின்ன ஆளில்லாமல் பாசி பிடித்தது. பாய் விரித்ததுபோல மூடியது. உப்பு பச்சையாக, அழுகல் வாடையோடு விளைந்தது.

வண்டிக்காரர் சுடலைமுத்து ஓர் உப்புக் கல்லை வாயில் போட்டுத் துப்பினார். "குருவம்மா, நான் உப்பு ஏற்ற வந்தேன். நீ கீரை கடைந்து வைத்திருக்கிறாய். அடுத்த தடவையும் இப்படியென்றால் வண்டி வேறு பக்கம் போய்விடும்."

வண்டி வராவிட்டால் அவள் வீட்டில் அடுப்பு எரியாது. முழங்கால் தண்ணீரில் நடந்து, பூநாரைகள் ஒதுங்கியிருந்த ஏரியின் மறுகரைக்குப் போனாள்.

"என்ன அக்கா, பலகையைக் கொண்டுவரவில்லையா?" என்றது மூத்த பூநாரை. "தாளம் நன்றாகத்தான் இருந்தது."

"குத்திக்காட்டாதே. வந்து பாசியைத் தின்று தீர்த்துக்கொடு."

பூநாரை வந்து பார்த்தது. "இவ்வளவையும் இந்த அலகால் எடுப்பது ஊசியால் கூழ் குடிக்கிற மாதிரி. அதற்குள் மழைக்காலம் வந்துவிடும்."

குருவம்மாள் தன் பலகையைப் பார்த்தாள். காம்பு நேராக இருந்தாலும் முனை மடங்கியிருப்பதால்தான் அது உப்பை வாருகிறது.

"மூங்கிலைச் சூடு காட்டி வளைப்போம். உன் அலகையும் அப்படி வளைத்துவிடலாம்."

"வலிக்குமா?"

"வலிக்கும்."

பூநாரை கொஞ்சம் யோசித்தது. "பெரிய பாத்தி எங்களுக்கு. எங்கள் பிள்ளைகளுக்கும். ஒருவரும் விரட்டக் கூடாது."

"இங்கே உப்பு விளைகிறவரை."

"அப்படியானால் சீக்கிரம் வளை."

சூளை வாயில் அலகைக் காட்டினாள். நுனி கரிந்து கறுத்தது. அனல் பட்டு வெள்ளை இறகெல்லாம் சிவந்தது. பூநாரை கண்ணை மூடியது, காலைப் பின்வைக்கவில்லை. குருவம்மாள் அலகைத் தன் முழங்காலில் வைத்து ஓர் அழுத்து அழுத்தினாள்; அது வளைந்தது.

பாத்தியில் இறங்கியபோது அந்த அலகு நிமிர்ந்து கொத்தவில்லை. தலையைக் கவிழ்த்ததும் பாசியை அள்ளி அள்ளி எடுத்தது. அதைப் பார்த்த மற்ற பூநாரைகள் ஒன்றன்பின் ஒன்றாகச் சூளைக்கு வந்து நின்றன.

அடுத்த விளைச்சல் வெள்ளைவெளேரென்று இருந்தது. சுடலைமுத்து ஒரு கல்லை வாயில் போட்டார், துப்பவில்லை. "ஏற்று" என்றார்.

இப்போது அந்த ஏரியைச் சுற்றி ஆலைகளின் புகைபோக்கிகள் நிற்கின்றன. புகையைப் பார்த்துப் பூநாரை திரும்பிப் போவதில்லை. பெரிய பாத்தி இல்லையென்றால்தான் போகும். அதை உப்பளத்தார் இன்றும் விட்டுவைத்திருக்கிறார்கள்.

அன்று முதல்தான் பூநாரைக்கு அலகு வளைந்தது, நுனி கறுத்தது. அது தலைகவிழ்ந்து மேயும்போது உப்பளத்தில் எவரும் பலகையைத் தட்டுவதில்லை.