பஞ்சி உட்கார்ந்தது

2019 நவம்பர் 14, வியாழக்கிழமை. கொடைக்கானலின் மேற்குச் சரிவில் விடியல் முதல் சாரல். பத்து மணியாகியும் பனிமூட்டம் விலகவில்லை.

"பஞ்சி என்னை ஏமாத்திட்டா, டாக்டரம்மா" என்றார் பொன்னுரங்கம்.

பஞ்சி, அந்தச் சரிவில் இருந்த கம்பளிப் பண்ணையின் பெண் அல்பாக்கா. ஒட்டகத்துக்குச் சிறிய உறவு, உடலெங்கும் வெண்கம்பளி. பொன்னுரங்கம் அதன் பராமரிப்பாளர். முப்பது ஆண்டுகள் கறவை மாடுகளோடு கழித்தவர். அல்பாக்கா வளர்ப்பை அவருக்குக் கற்பித்தவர், அவரினும் இருபது வயது இளைய கால்நடை மருத்துவர் அமலோற்பவம்.

கொட்டகை வாசலில், இருவருக்கும் நடுவே, ஈரத்துணியில் பொதிந்த சிறு கரு இருந்தது. விடியலில் அது பஞ்சியிடமிருந்து கலைந்து வைக்கோலில் கிடந்தது.

"என்ன ஏமாத்துனா?"

"நீங்க சொல்லிக்குடுத்த சோதனைதானேம்மா? ஆணைக் கிட்டக் கொண்டுபோனா, சினையா இருக்கறது துப்பி விரட்டும். சினை இல்லாதது மடங்கி உட்காரும். இவ உட்கார்ந்தாளே!"

"எப்போ சோதிச்சீங்க?"

அவர் தலைக்குல்லாயைக் கழற்றிக் கையில் கசக்கினார்.

"போன வாரம். நீங்க ஸ்கேன் எடுக்க வந்ததுக்கு முந்தின நாள்."

ஸ்கேன் திரையில் கருவின் இதயம் துடித்ததை இருவரும் சேர்ந்தே பார்த்திருந்தனர். முதலில் கைதட்டியவர் பொன்னுரங்கம்.

"உட்கார்ந்ததும்?"

"மாப்பிள்ளைய விட்டுட்டேன்."

மாப்பிள்ளை, பண்ணையின் ஆண் அல்பாக்கா.

"அவன் என்னைக்கு வேண்டாம்னு சொல்லியிருக்கான்! சினை மேல சேர்த்தா கரு கலைஞ்சுடும். சேர்த்துட்டு, மறுநாள் என் பக்கத்துல நின்னு கைதட்டுனீங்களே ஐயா?"

"வாய் வரலைம்மா." அவர் தரையைப் பார்த்தார். "நீங்க மெஷினோட வர்றதுக்குள்ள நானே முடிவு சொல்லிடணும்னு பார்த்தேன். 'பரவாயில்லையே ஐயா'ன்னு உங்க வாயால கேக்கணும்னு ஒரு ஆசை."

மருத்துவர் துணியின் விளிம்பை இழுத்துக் கருவை மூடினார்.

"ஒண்ணே ஒண்ணு சொல்லுங்கம்மா. நகம் வெட்ட, ஊசி போட, கயித்தும் கையுமா ஒரு வருஷமா அதட்டி அதட்டிப் பழக்குன மிருகம். என் பேச்சைத் தட்டுனதே இல்ல. அவ எதுக்கு எங்கிட்டப் பொய்யா உட்காரணும்?"

"மாப்பிள்ளையக் கீழ்ப்பட்டியில அடைச்சுட்டு வாங்க."

அடைத்துவிட்டு வந்தார்.

"இப்போ பஞ்சிகிட்டப் போங்க. அன்னைக்குப் போன மாதிரியே."

அவர் ஆணியில் தொங்கிய கயிற்றை எடுத்தார். பட்டிக்குள் இரண்டடி வைத்தார்.

பஞ்சி அவரைப் பார்த்தது. கயிற்றைப் பார்த்தது.

முன்னங்கால்களை மடக்கி உட்கார்ந்தது.

கயிற்றைப் பிடித்திருக்கவும் அவருக்குக் கூசியது. அதன் கண்முன்னே கீழே போடவும் கூசியது.

மருத்துவர் பெட்டியை எடுத்துக்கொண்டு புறப்பட்டார்.

பஞ்சி பிழைத்தது. அடுத்த ஆண்டு அதை மீண்டும் மாப்பிள்ளையோடு சேர்த்தனர். சோதனை நாளில் பொன்னுரங்கம் வேலிக்கு வெளியே வெறுங்கையோடு நின்றார். பஞ்சி மாப்பிள்ளையின் முகத்தில் துப்பி, பட்டியின் மறுகோடி வரை விரட்டியது. ஸ்கேனும் சினையென்றே காட்டியது.

பொன்னுரங்கம் கைதட்டவில்லை.