வத்சலாவின் கட்டைவிரல்

ஊருக்கெல்லாம் மாட்டு டாக்டராக இருந்த வத்சலா, நாற்பத்தெட்டு வயதில் மறுபடி மாணவியானாள். எல்லாம் பட்டாணிக்காக. பட்டாணி அவள் வளர்க்கும் பூனை. அவனுடைய சிறுநீரகம் சுருங்கிக்கொண்டே வந்தது. கோவையில் பூனைகளுக்கு டயாலிசிஸ் செய்யும் சுல்பிகாரிடம் போய்ச் சேர்ந்தாள். குருவுக்கு அவளைவிட வயது கம்மி. அதையெல்லாம் அவள் பார்க்கவில்லை.

ஒரு நாள் பட்டாணியைக் கூடையில் தூக்கி வந்து மேஜைமேல் இறக்கினாள்.

"இவனை மெஷின்ல போடலாமுங்களா சார்?"

"லில்லிப் பூவைத் தின்னு கிட்னி நின்னுபோன பூனையைப் போன வாரம் போட்டமே, எதுக்குக்கா?"

"அதோட கிட்னி திரும்ப வேலை செய்யற வரைக்கும் ரத்தத்தைச் சுத்தம் பண்ண."

"பட்டாணியோட கிட்னி திரும்ப வேலை செய்யுமா?"

"செய்யாதுங்க. வயித்துக்குள்ள மருந்துத் தண்ணி விட்டு எடுத்தா?"

"அதுவும் அதே கதைதான். கொஞ்ச நாள் கிடைக்கும். ட்யூபோட, கூண்டுக்குள்ள."

"கிடைக்கட்டுங்க. எனக்கு அவன் இருக்கணும். முன்னெல்லாம் என் வண்டிச் சத்தம் கேட்டாலே வாசலுக்கு ஓடி வருவான். இப்ப கட்டிலுக்கடியில போய் ஒளிஞ்சுக்கறான்."

அவன் அப்படி ஓடி வருவதை ஒரே ஒரு தடவை பார்த்துவிட மாட்டோமா என்று மனசு கிடந்து தவித்தது.

"அவனைத் தடவிக் குடுங்கக்கா."

தடவினாள். தலை, கழுத்து, முதுகு. கை முன்னங்காலுக்கு வந்து நின்றது. பட்டாணி உடம்பைச் சுருக்கிக்கொண்டான்.

"உங்க கட்டைவிரல் எங்க இருக்கு, பாருங்க."

பார்த்தாள். ஊசி குத்துவதற்கு நரம்பு தேடி அழுத்தும் இடத்தில் இருந்தது. அவள் நினைக்காமலே அங்கே போயிருந்தது. வீட்டிலும் தினமும் அவனுக்கு சலைன் ஊசி குத்துவது இதே கைதான். அவன் ஏன் ஒளிகிறான் என்று அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்தது.

சுல்பிகார் பட்டாணியைத் தரையில் விட்டார். அவன் ஓடிப்போய் மூலையில் பதுங்கினான்.

"தோலுக்கடியில சலைன் ஏத்தறதை நம்ம நர்ஸ் வீட்டுக்கு வந்து பாத்துக்குவாங்க. உங்க கைக்கு லீவு."

வத்சலா வெள்ளைக் கோட்டைக் கழற்றினாள். தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். கைகளை என்ன செய்வதென்று தெரியாமல் மடியில் போட்டுக்கொண்டாள்.

மூலையிலிருந்து பட்டாணி அவளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"வருவானுங்களா சார்?"

"அது அவன் இஷ்டம்க்கா. நீங்க இருங்க."