எறும்பு மொய்க்காத சர்க்கரை

ஒரு காட்டின் குளக்கரையில் சடையன் என்ற கரடி கரும்பு நட்டது. அதுவரை அந்தக் காட்டில் ஆலை ஏது, இலுப்பைப்பூதான் சர்க்கரை. சடையன் சாறு பிழிந்து காய்ச்சியது. முதல் பிடிச் சர்க்கரையை எறும்புப் புற்றின் வாசலில் வைத்தது.

"எறும்பு மொய்த்தால்தான் சரக்கு நல்லது. அதற்கப்புறம்தான் மற்றவர்களுக்கு" என்றது.

எறும்புகள் மொய்த்தன. காடே நக்கித் தின்றது.

சடையனின் மகன் காலத்தில் ஆலை பெருத்தது. மான் மேய்ந்த புல்வெளி கரும்பானது. முயலின் புதரும் கரும்பானது.

"கரும்பு தின்னக் கூலியா கேட்பீர்கள்? கொஞ்சம் நகர்ந்துகொள்ளுங்கள்" என்றது மகன் கரடி. வாய் நிறைய இனிப்பு இருக்கும்போது எதிர்த்துப் பேச யாருக்கு வாய் வரும்? எல்லாம் நகர்ந்தன. நகர இடமில்லாமல் போனதும் கரும்புக்குள்ளேயே ஒண்டிக்கொண்டன.

அடுத்து பேரன் கரியான் வந்தது. அதற்கு எதிலும் அவசரம். தோகை உரிக்க நேரமில்லை என்று வெட்டுக்கு முன் தோட்டத்துக்கே தீ வைக்கும். ஆலை அடுப்புக்கு இலுப்பை மரங்களை வெட்டிப் போடும். சர்க்கரை மலையாகக் குவிந்தது. காட்டுக்கே சோறு போடுகிற பெருமை வேறு அதற்கு! தாத்தாவின் வழக்கத்தை மட்டும் விடவில்லை. ஆண்டுதோறும் முதல் பிடியைப் புற்று வாசலில் வைத்துவிட்டு, திரும்பிப் பார்க்காமல் ஓடிவிடும்.

ஒரு நாள் பொழுது சாயும்போது, மிச்சமிருந்த ஒரே இலுப்பை மரத்துக்குக் கரியான் கோடரியோடு வந்தது. மேலே ஒரு வௌவால் தன் குட்டியை அணைத்தபடி தொங்கிக்கொண்டிருந்தது.

"இடத்தைக் காலி பண்ணு. அடுப்பு அணையப் போகிறது."

"குட்டிக்கு இன்னும் பறக்க வராது, கரியான். இந்தப் பூவைத் தின்றுதான் எனக்குப் பால் ஊறுகிறது. வேறு மரம் எங்கே இருக்கிறது, சொல்."

"அதற்கு நான் என்ன செய்ய? காட்டுக்கே சர்க்கரை காய்ச்ச வேண்டாமா?"

"எந்தக் காட்டுக்கு? புற்று வாசலைப் பார்த்துவிட்டு வா. அப்புறம் வெட்டு."

கரியான் முணுமுணுத்துக்கொண்டே போனது. அந்த ஆண்டு வைத்த பிடி வைத்தபடியே இருந்தது. அதன் அடியில் பழைய பிடிகள் கல்லாக இறுகிக் கிடந்தன. புற்றைக் கிளறியது. உள்ளே தோட்டத்துத் தீயில் வெந்த எறும்புகளின் கரிதான் இருந்தது.

கரியான் அந்தப் பிடியை அள்ளிக்கொண்டு கரும்புக்குள் ஓடியது.

"மானே! முயலே! சர்க்கரை தருகிறேன், வாருங்கள்!"

கரும்பு சலசலத்தது. யாரோ வருகிறார்கள் என்று கரியான் கையை நீட்டிக்கொண்டு நின்றது. காற்று நின்றது. சலசலப்பு மட்டும் நிற்கவில்லை. அது நெருங்கி வந்து கரடியைச் சுற்றியது. அதன் உள்ளங்கையை ஈர நாக்குகள் நக்கின. ஒன்று, பிறகு இன்னொன்று, பிறகு பல. கரியான் குனிந்து பார்த்தது. எதிரே யாருமில்லை. கையிலிருந்த சர்க்கரை ஒரு துகள்கூடக் குறையவில்லை.

கரியான் விழுந்தடித்து ஓடிவந்து இலுப்பை மரத்தைக் கட்டிக்கொண்டது. கோடரி எங்கே விழுந்தது என்றுகூடத் தெரியவில்லை. தூரத்தில் ஆலை அடுப்பு அணைந்தது. வௌவால் குட்டியை இறக்கையால் மூடிக்கொண்டது.

அப்போது கரியானின் கையில் ஒரு இலுப்பைப்பூ விழுந்தது. பூவிலிருந்து ஒரு எறும்பு இறங்கியது. கரியான் அழுதுகொண்டே சர்க்கரை ஒட்டியிருந்த மறு கையை அதன் பக்கம் நீட்டியது. எறும்பு அதைச் சீண்டாமல் சுற்றிக்கொண்டு மரத்தில் ஏறிப் போனது.

தின்கிற வாய்களை அழித்து வளர்ந்த செல்வம் மலையளவு குவிந்தாலும் வெறும் மண்மேடுதான்.