அச்சில்லாத மஅமூல்

குரு என்றால் நரைத்த தாடி, சீடன் என்றால் அரும்பு மீசை என்று நினைத்துக்கொண்டிருப்பவர்கள் மேலப்பாளையத்தில் மீராள் வீட்டு அடுப்படியை எட்டிப் பார்த்திருக்க வேண்டும். அங்கே சீடர் மாமியார். குரு மருமகள்.

மருமகள் ஷிஃபானா சார்ஜாவில் வளர்ந்தவள். பக்கத்து வீட்டு சிரியாக்காரப் பெண்ணிடம் மஅமூல் சுடக் கற்றவள். ரவையில் நெய்யைத் தேய்த்து ஊறவைத்து, நடுவில் பேரீச்சம்பழ விழுதை வைத்து மூடி, பூப்போட்ட மர அச்சில் அழுத்திச் சுடுகிற அரபு நாட்டுப் பலகாரம் அது.

மீராளும் லேசுப்பட்டவள் இல்லை. அவள் சோமாஸுக்கு ஓரம் மடித்தால் தெருவே பேசும். ஆனால் நோன்புப் பெருநாளன்று தெரு பேசியது மருமகளின் மஅமூலைப் பற்றி. மீராள் கொஞ்ச நாள் பொறுத்துப் பார்த்தாள். பிறகு வீம்பை விழுங்கிக்கொண்டு அடுப்படிக்குப் போனாள்.

“ஏளா, எனக்கு இதச் சொல்லித் தா.”

“உக்காருங்க மாமி.”

மீராள் ரவையை அள்ளிப் பிசையத் தொடங்கினாள்.

“பிசையாதீங்க மாமி. விரல் நுனியால தேயுங்க. பிசைஞ்சா இறுகிரும்.”

“மாவு பிசைய எனக்கே சொல்லித் தாறியாக்கும்?”

“ஆமா மாமி.”

மீராள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு தேய்த்தாள். ஆனால் தேய்த்தாள்.

கெட்டிக்காரக் கை, சீக்கிரம் பிடித்துக்கொண்டது. அச்சை மேசை விளிம்பில் ஒரு தட்டு தட்டினால் பூ கலையாமல் கழன்று விழுந்தது. மேல்புறம் வெளுப்பாக, அடிப்புறம் மட்டும் பொன்னிறமாக ஓவனிலிருந்து எடுக்கும் பக்குவமும் வந்தது. மாமியார் சுட்டது எது, மருமகள் சுட்டது எது என்று வீட்டில் யாருக்கும் அடையாளம் தெரியவில்லை.

தான் சுட்டதில் ஒரு தட்டு அடுக்கி, மகளைக் கொடுத்த வீட்டுக்கு அனுப்பினாள் மீராள். சம்மந்தி ரஹ்மத்து உடனே போன் செய்தாள்.

“ஒங்க மருமவ கைக்குத் தங்க வளையல் போடணும் மதினி!”

மீராளுக்குச் சுருக்கென்றது. நான் சுட்டது என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். தன் பெருமையைத் தானே சொன்னால் அது தம்பட்டம் இல்லையா? வாயை மூடிக்கொண்டு போனை வைத்தாள். நேரே குருவிடம் போனாள்.

“ஏளா, நான் செஞ்சதும் நீ செஞ்சதும் ஒண்ணு போலத்தான இருக்கு?”

“ஒண்ணே தான் மாமி.”

“பொறவு ஏன் ஒம் பேரையே சொல்லுதாவ?”

ஷிஃபானா மர அச்சைக் கழுவினாள். ஈரம் போகத் துடைத்தாள். ஒரு துணியில் சுற்றி, மாமியாருக்கு எட்டாத பரணில் வைத்தாள்.

“நல்ல கூத்தா இருக்கே! பேரு கேக்க வந்தா அச்சையும் பிடுங்குதியே?”

“ஊறின மாவு இருக்கு மாமி. காஞ்சிரும்.”

மீராள் கோபத்தோடு உருட்டினாள். கையால் பிடித்தது வெடித்தது. விழுது வழிந்து தட்டில் ஒட்டிக் கருகியது. மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம் என்பார்கள். அன்று உடைத்தது முழுக்க மாமியார்தான். ஷிஃபானா அதை மண்ணென்றும் சொல்லவில்லை, பொன்னென்றும் சொல்லவில்லை. உடைந்ததை எடுத்துத் தின்றாள்.

மறுநாளும் வெடித்தது. அதற்கடுத்த நாள் ஓர் உருண்டையின் ஓரம் விரியப் பார்த்தது. மீராளின் கட்டைவிரல் அவளைக் கேட்காமலே சோமாஸ் மடிப்பைப் போட்டு அதை மூடியது. மடித்து, கிள்ளி, மடித்து, கிள்ளி, சுற்றிலும் கயிறு முறுக்கியது போல ஓர் ஓரம். வெந்து வந்தபோது ஒரு மடிப்புகூடப் பிரியவில்லை. மீராள் அதைக் கையில் ஏந்திக்கொண்டு வெகுநேரம் நின்றாள். இத்தனை வயதுக்கு மேல் ஒரு பலகாரத்தைப் பார்த்து நெஞ்சு நிறையும் என்று அவள் நினைத்ததே இல்லை.

ஹஜ்ஜுப் பெருநாளன்று ரஹ்மத்து மீராள் வீட்டுக்கு வந்தாள். தட்டிலிருந்து ஒன்றை எடுத்தவள், திருப்பித் திருப்பிப் பார்த்தாள். கடித்தாள். கண்ணை மூடிக்கொண்டாள்.

“என்னளா ஷிஃபானா, இது புதுசால்லா இருக்கு! இந்த ஓரம் மடிக்கிறத எனக்கு ஒரு நாளு சொல்லித் தரணும் நீ.”

மீராள் தேத்தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருந்தாள். கோப்பை நிரம்பி வழிந்தது அவளுக்குத் தெரியவில்லை.

ஷிஃபானாவும் ஒன்றை எடுத்து ஓரத்தைத் தடவிப் பார்த்தாள்.

“எனக்கு இது வராது சாச்சி. யாருக்கும் தெரியாம ரெண்டு தடவ செஞ்சு பாத்தேன். ரெண்டும் பிரிஞ்சு போச்சு.”

மீராள் நிமிர்ந்தாள்.

ஷிஃபானா மாமியாருக்கு நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

“மாமி இனிமேத்தான் எனக்குச் சொல்லித் தரணும்.”