அரளி வாய் திறக்காத நாள்

அந்தக் காலத்தில் ஆடுமாடுகள் மட்டுமல்ல, செடிகொடிகளும் பேசின. அதனால் ஆடுகளுக்கு மேய்ச்சல் சுலபம். எதன் முன்னால் போய் நின்றாலும் "உன்னைத் தின்னலாமா?" என்று கேட்கும். செடி உள்ளதைச் சொல்லும். நம்பி வயிறு நிறையத் தின்னும்.

ஆவுடைப் பண்டாரம் கோயில் நந்தவனத்தைக் காத்துவந்தார். பூப்பறித்து மாலை கட்டுவது அவர் வேலை. நியமம் தவறாதது அவர் பெருமை. இடது காலை முதலில் வைத்து நந்தவனத்துக்குள் வந்துவிட்டால், வெளியே போய் வலது காலை வைத்துத் திரும்ப வருவார். அவருக்கு மயிலி என்று ஒரு வெள்ளாடு. அதற்கு ஒரே குட்டி, சுட்டி. நெற்றியில் வெள்ளைப் புள்ளி இருந்ததால் அந்தப் பெயர்.

சுட்டி காலையில் எழுந்ததும் தோட்டத்தைச் சுற்றி வரும்.

"பூசணி மாமா, தின்னலாமா?"

"காயைத் தின்னு, தோலைத் தின்னு, விதையைத் தின்னு. பூவை மட்டும் விட்டுரு மருமகனே, வம்சம் வேணும்ல?"

"மாங்காய் அத்தை?"

"சதையைத் தின்னுய்யா. கொட்டையை முழுங்கிராத, தொண்டையில நின்னுக்கும்."

வாழை பழத்தோடு தோலையும் தரும். பலா இலையை உதிர்த்துப் போடும். வெள்ளரி "வா வா" என்னும். (தக்காளியின் பழம் ஆகும், இலை ஆகாது. ஆனால் அது அப்போது கடல் கடந்து வந்திருக்கவில்லை. எனவே இந்தக் கதையில் அதற்கு வேலை இல்லை.)

கடைசியில் சுட்டி செவ்வரளியிடம் வந்து நிற்கும். பதில் தெரியும், ஆனாலும் கேட்கும்.

"அரளியக்கா, இன்னைக்காவது?"

"இன்னைக்கும் கிடையாது. என் இலை விஷம்டா, கண்ணு. பூவைப் பார்த்துட்டு ஓடிரு."

ஒரு கார்த்திகைச் சோமவாரத்துக்கு முந்திய மாலை, பண்டாரம் நந்தவனத்தின் நடுவில் நின்று சொன்னார்: "நாளைக்கு மௌன விரதம். விடிஞ்சதுலேருந்து உச்சிக்கால மணி அடிக்கிறவரை நானும் பேச மாட்டேன், நீங்களும் பேசக் கூடாது. சாமிக்குப் போற பூ, விரதம் இருந்த பூவா போகட்டும்."

அரளி தயங்கியது. "அய்யா, சுட்டி வந்து கேட்டா?"

"கேட்டாலும் பேசக் கூடாது. ஒரு காலைப்பொழுதுல என்ன குடி முழுகிரும்?"

செடிகளுக்குச் சொன்னவர் ஆடுகளுக்குச் சொல்லவில்லை. ஆட்டுக்கு விரதம் விதிக்கப்படவில்லை என்பது அவருடைய நுட்பம்.

மறுநாள் காலை மயிலி கொட்டிலில் கட்டிக் கிடந்தது. குட்டியைக் கட்டும் வழக்கம் இல்லை. சுட்டி துள்ளிக்கொண்டு வந்தது. பூசணி பேசவில்லை. மாமரம் பேசவில்லை. வாழையும் பேசவில்லை. அவற்றையெல்லாம் தின்று பழகியதால், சரி என்றுதான் அர்த்தம் என்று குட்டி நினைத்துக்கொண்டது. கொஞ்சம் கொஞ்சம் தின்றது, ஒன்றும் ஆகவில்லை. பிறகு அரளியிடம் போனது.

"அரளியக்கா, இன்னைக்காவது?"

அரளி நடுங்கியது. பேசவில்லை.

"இன்னைக்கு வேண்டாம்னு சொல்லலையே!" என்று குட்டி குதித்தது.

பண்டாரம் கிணற்றடியில் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தார். பார்த்துவிட்டார். ஒரு சத்தம் போட்டிருந்தால் போதும். வாய்வரை வந்ததை அடக்கிக்கொண்டு, தோளில் கிடந்த துண்டை எடுத்து வீசினார். அவர் தினமும் துண்டை வீசித்தான் குட்டியோடு விளையாடுவார். சுட்டி அவரைப் பார்த்து வாலை ஆட்டிக்கொண்டே, கொத்தாக இலையைக் கடித்தது.

அவர் ஓடினார். குரல் போகும் வேகத்தில் கால் போகவில்லை. வாயில் விரலை விட்டு எடுத்தது பாதி. மீதி உள்ளே போயிருந்தது. உச்சிக்கால மணி அடித்தபோது சுட்டி அவர் மடியில் கால்களை உதைத்து ஓய்ந்திருந்தது.

"சுட்டி!" என்று அவர் அப்போதுதான் கத்தினார். விரதம் பழுதில்லாமல் நிறைவேறியிருந்தது.

மயிலி கயிற்றை அறுத்துக்கொண்டு வந்தது. குட்டியை நக்கிப் பார்த்தது. பிறகு ஒவ்வொரு செடியாகப் போய் நின்றது.

"நீயாவது சொல்லியிருக்கக் கூடாதா?"

மணி அடித்து முடிந்திருந்தது, பேசலாம். ஆனால் எந்தச் செடிக்கும் நா எழவில்லை. அரளி மட்டும், "நான் கேட்டேனே, அய்யா" என்றது, பண்டாரத்தைப் பார்த்து. அதற்குப் பிறகு அதுவும் பேசவில்லை.

பண்டாரம் மிச்ச நாளெல்லாம் செடிகளுக்காகத் தாமே பேசினார். "இது பலா இலை, தின்னும்மா. இது வாழைத்தோல், ஒண்ணும் செய்யாது" என்று கையில் ஏந்திக்கொண்டு மயிலியின் பின்னாலேயே நடந்தார். மயிலி ஒரு வாய் கடிக்கும், அவர் முகத்தைப் பார்க்கும், நகர்ந்துவிடும். அதுவும் பேச்சை விட்டுவிட்டது. குட்டியைக் கூப்பிடும் அந்த ஒரு சத்தம் மட்டுமே அதனிடம் மிஞ்சியது.

அன்று முதல்தான் ஆடு எந்தச் செடியிலும் நின்று வயிறு நிறையத் தின்பதில்லை; இங்கே ஒரு கொழுந்து, அங்கே ஒரு இலை என்று கடித்துவிட்டுப் போகிறது. கடிப்பதற்கு முன் ஒவ்வொரு செடியிடமும் மூக்கை வைத்து, காதை முன்னே நீட்டி, கொஞ்ச நேரம் நிற்கிறது. நாம் முகர்கிறது என்கிறோம்.