வாழைத்தோப்புல ஒரு வெள்ளைக் குதிரை

படுத்துக்கோ பாப்பா. இந்தக் கதையில வயிறு வலிக்கச் சிரிக்கிற இடம் ஒண்ணு இருக்கு. இப்போ இல்ல! பல்லை மூடு. அண்ணன் சொல்றப்போதான் சிரிக்கணும். எங்க, "ம்" கொட்டு.

"ம்."

ஒரு ஊர்ல ஒரு மிராசுதார். பேரு மாசிலாமணி. குளக்கரையில மண்டபம் கட்டிச் சுவருக்குப் பளபளன்னு சுண்ணாம்பு அடிச்சார். அப்புறம் படம் எழுதுற வேம்புவைக் கூப்பிட்டார். "ஏ புள்ள! நாளைக்குத் திருவிழா. இந்தச் சுவர்ல எனக்கு வெள்ளைக் குதிரை நிக்கணும். நிக்கலேன்னா இந்த ஊர்ல இனி நீ படமே எழுதக்கூடாது!"

வேம்புகிட்ட கரி இருக்கு, காவி இருக்கு, பச்சை இருக்கு. வெள்ளை மட்டும் இல்ல. யோசிச்சா. அப்புறம் சரக் சரக்னு சுவர் பூரா வாழைமரமா எழுதினா. நடுவுல மட்டும் சுண்ணாம்பைத் தொடல. காது, பிடரி, நாலு கால், வாலுன்னு அப்படியே வெள்ளையா விட்டுட்டா.

மிராசுதார் திங்கு திங்குன்னு வந்தார். சுவர்ல மூக்கை ஒட்டி இலை இலையாத் தேடினார். "வாழை... வாழை... குதிரை எங்க?"

"கொஞ்சம் தள்ளி நின்னு பாருங்கய்யா."

"என்னையே தள்ளி நிக்கச் சொல்றியா?"

"அண்ணா, இப்போ சிரிக்கலாமா?"

உஸ்! இல்ல.

அப்போ புல்லுக்கட்டோட ஒரு ஆத்தா வந்தா. கீச்சுக்குரல். "பாவம், பசியா நிக்குதே!"ன்னு சுவரோரம் ஒரு பிடி புல் போட்டா. "யாருக்குப் புல்லு, எனக்கா?"ன்னார் மிராசுதார். அப்புறம் குருக்கள் வந்தார், மூக்கால பேசிக்கிட்டு. "ஓய், இது உதைக்குமோ?"ன்னு ஒதுங்கிப் போனார். மூணாவதா மிராசுதாரோட வண்டிக்குதிரையே வந்து சுவரைப் பார்த்து "ஹீ ஹீ ஹீ"ன்னு கனைச்சுது!

"ஆளாளுக்கு என்னைக் கேலி பண்றீங்களா? டேய், சுவர் மொத்தத்துக்கும் வெள்ளையடி!"

வேம்புவுக்குக் கண்ணு கலங்கிடுச்சு. வெள்ளையடிக்கிறவன் மட்டையைச் சுண்ணாம்புல முக்கினான். "மேல தெறிக்கும் சாமி, ஒதுங்குங்க." மிராசுதார் பின்னால ஒரு அடி வச்சார். ரெண்டாவது அடி. மூணாவது அடி...

தொபுக்கடீர்! குளத்துல!

இரு இரு, இன்னும் இருக்கு. தலையில பாசி, வாயில தண்ணி, கொளகொளன்னு எழுந்தார். கண்ணைத் துடைச்சுக்கிட்டு மண்டபத்தைப் பார்த்தார். பார்த்தார். பார்த்துக்கிட்டே நின்னார்.

"அடேய்... மட்டையைக் கீழ போடு! குதிரைடா! வாழைத்தோப்புக்குள்ள வெள்ளைக் குதிரை நிக்குதுடா!"

ம், இப்போ சிரி. சிரிச்சாச்சா? கதை கரை ஏறியாச்சு, கண்ணை மூடு.